ரமீரோவின் இடது கால்

அரையிறுதி ஆட்டம் பதினோரு மணிக்கு. ஒன்பதரை மணிக்கே ரமீரோ ஸாபாலாவும் கஸ்தோன் எச்செபர்ரேயும் நான்காம் நம்பர் செம்மண் டென்னிஸ் கோர்ட்டில் எதிரெதிரே நின்று பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள எல்லோருக்கும் எதிரே ஓர் ஆள் வேண்டும். போட்டியின் கடைசி நாட்களில் அந்த ஆள் கிடைப்பதில்லை. தோற்றவர்கள் தோற்ற அன்றே பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். சனிக்கிழமை இந்தப் பரானா ஊரில் மிஞ்சியவர்கள் நாலே பேர். அதில் இரண்டு பேர் சொந்தப் பயிற்சியாளரோடு வந்த பொடியன்கள். ஆகவே இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்கப்போகிற இந்த இருவரும், அதுவரை ஒருவருக்கொருவர் நல்ல பந்தாகப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பேக்ஹேண்டுக்குப் போடுடா ஒல்லி. நேத்து அது சரியா விழல," என்றான் கஸ்தோன்.

"உனக்கு அது இருபத்துமூணு வருஷமா சரியா விழல. இன்னைக்கு விழுந்துடுமா?"

"விழலைன்னா உனக்குத்தானே லாபம். நல்ல மனசோட போடு."

ரமீரோ நல்ல மனசோடு போட்டான். அவனுடைய கெட்ட பழக்கங்களில் அதுவும் ஒன்று.

ரமீரோ இப்போது ஒன்றும் ஒல்லியில்லை. கஸ்தோனை ஊரே குண்டன் என்றுதான் கூப்பிடும். அவன் குண்டாக இருந்தது ஒன்பது வயதில். அர்ஜென்டினாவில் ஆள் இளைத்தாலும் பட்டப்பெயர் இளைக்காது. இருவரும் தன்தில் ஊர்க்காரர்கள். பத்து வயதிலிருந்து ஒரே கிளப், ஒரே பயிற்சியாளர், ஒரே திட்டு. இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. வெளியூரில் ஒரே அறை. ரமீரோவின் மகளுக்கு ஞானத்தகப்பன் கஸ்தோன்தான். ஞானஸ்நானத்தன்று ஒரு போட்டியில் தோற்றுவிட்டு ஓடிவந்து, டென்னிஸ் ஷூவோடு மாதா கோவிலுக்குள் நின்றான். இந்தப் பரானாவுக்கும் ரமீரோவின் காரில்தான் இருவரும் வந்தார்கள். வழியெல்லாம் பாட்டு.

விஷயம் பாரிஸ். செம்மண்ணில் ஆடுகிறவனுக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஊர், அதுதான் பாரிஸ். அங்கே போய் ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் ரமீரோ பேராசைப்படவில்லை. பெரிய ஆட்டங்களுக்கு முன்னால் ஒரு வாரம் தகுதிச் சுற்று நடக்கும். அரங்கம் பாதி காலியாக இருக்கும். அதில் ஒரே ஒரு ஆட்டம் ஆடினால் போதும். தோற்றாலும் போதும். அந்தத் தகுதிச் சுற்றுக்கான பட்டியல் இந்தத் திங்கட்கிழமைத் தரவரிசையோடு மூடுகிறது. இன்றைய அரையிறுதியில் ஜெயிப்பவன் பெயர் பட்டியலின் கடைசி வரிகளில் ஒன்றில் வந்துவிடும். தோற்பவன் பெயர் வராது. அவ்வளவுதான் கணக்கு. இதை அவர்கள் முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் காகிதத் துடைப்பானில் மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டார்கள். மூன்று தடவையும் ஒருவனுக்குத்தான் இடம் வந்தது.

ரமீரோவின் வயது முப்பத்து மூன்று. பதினான்கு வருடங்களாகத் தொழில்முறை ஆட்டக்காரன். அவன் தொட்ட உச்சம் இருநூற்று இருபத்தெட்டாவது இடம். பாரிசுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அதை அவன் தொட்டது ஒரு அக்டோபர் மாதத்தில். அக்டோபரில் எந்தப் பெரிய போட்டியும் பட்டியலை மூடுவதில்லை. ஏப்ரலில்தான் மூடுகிறார்கள், ஏப்ரல் மாதங்களோ அவனுக்கு ஆகிவருவதில்லை. ஒரு ஏப்ரலில் முழங்கால். ஒரு ஏப்ரலில் இருநூற்று நாற்பத்தொன்றாவது இடத்தில் நின்று, தனக்கு மேலே இருக்கும் யாருக்காவது கணுக்கால் பிசகாதா என்று, கடவுள் நம்பிக்கை இல்லாதவன், மெழுகுவத்தி ஏற்றினான். யாருக்கும் பிசகவில்லை. இன்னொரு ஏப்ரலில் மகளிடமிருந்து அம்மை தொற்றிக்கொண்டது. முப்பது வயதில் அம்மை வந்த ஒரே டென்னிஸ் ஆட்டக்காரன் என்ற பெருமையாவது மிஞ்சியது.

மனைவி நொயேலியாவிடம் இந்த முறை சத்தியம் செய்துகொடுத்திருந்தான். இதுதான் கடைசி ஏப்ரல். பாரிஸ் கிடைத்தால் போய்விட்டு வந்து நிறுத்திவிடுவது. கிடைக்காவிட்டால் போகாமலே நிறுத்திவிடுவது. அவள் அண்ணன் தன்திலில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். திருகாணி, குழாய், பெயிண்ட். அங்கே ஒரு முக்காலி இவனுக்காகக் காத்திருந்தது.

"பெயிண்ட் கடையில உனக்கு என்ன வேலைடா தருவாங்க?" என்றான் கஸ்தோன், பந்துகளைப் பொறுக்கிக்கொண்டே.

"உன் மூஞ்சிக்கு வெள்ளையடிக்கிற வேலை."

இருவரும் சிரித்தார்கள். பிறகு தனித்தனியாகப் போய் சட்டை மாற்றிக்கொண்டார்கள்.

*

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இருபத்து மூன்று வருடங்களாக ஒருவரையொருவர் மனப்பாடம் செய்த இரண்டு பேர் ஆடினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. முதல் செட் கஸ்தோனுக்கு, இரண்டாவது ரமீரோவுக்கு. மூன்றாவதில் ஐந்துக்கு நான்கு என்று ரமீரோ முன்னால் நின்றான். சர்வ் அவனுடையது. நாற்பது–முப்பது. இன்னும் ஒரே ஒரு பாயின்ட்.

பார்க்க வந்திருந்த முந்நூறு பேரும் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தார்கள். ரமீரோ வழக்கம்போல் இடது காலால் கோட்டைத் துடைத்தான். செம்மண்ணில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. தன்தில் கிளப்பில் அது பழக்கம் மட்டும் இல்லை, சட்டம். ஆடி முடித்தவன் கோட்டின் மேல் கிடக்கும் மண்ணைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். துடைக்காமல் வந்தால் மறுநாள் கோர்ட் கிடையாது. பத்து வயதில் மூன்று நாள் கோர்ட் கிடைக்காமல் வேலிக்கு வெளியே நின்ற ரமீரோ, அதற்குப் பிறகு ஒரு நாளும் துடைக்காமல் வந்ததில்லை.

சர்வ் போட்டான். கஸ்தோன் திருப்பினான். பதினாறு, பதினேழு அடிகள் போய் வந்தன. திடீரென்று கஸ்தோன் பக்கக் கோட்டை ஒட்டி நேராக ஒன்று இழுத்தான். ரமீரோ ஓடினான். எட்டவில்லை. பந்து அவன் மட்டையைத் தாண்டி மூலையில் விழுந்து எகிறியது.

"அவுட்!" என்று கத்தினாள் கோட்டருகே நின்ற பெண். கல்லூரி மாணவி, கையையும் நேராக நீட்டினாள்.

ரமீரோவும் பார்த்தான். கோட்டுக்கு வெளியே, நாலு விரல் தள்ளி, செம்மண்ணில் பந்தின் தடம் முட்டை வடிவில் தெளிவாகக் கிடந்தது. அவன் வாழ்க்கையில் பார்த்த அழகான முட்டை அது. இரண்டு கைகளையும் தூக்கி அலறினான். என்ன அலறினான் என்பது அச்சில் ஏற்றத் தக்கதல்ல. பாரிஸ்! தலை வானத்தைப் பார்த்தது. கண்ணில் நீர் முட்டியது.

உடம்பில் எல்லா உறுப்பும் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது இடது கால் மட்டும் வேலையைப் பார்த்தது. ஆட்டம் முடிந்துவிட்டது. முடிந்தால் துடைக்க வேண்டும். துடைத்தது. மூலையில், வெளிப்பக்கமாக, இரண்டு இழுப்பு, சுத்தமாக.

எதிர்ப்பக்கத்தில் கஸ்தோன் விரலை உயர்த்தினான்.

"தடம் பாக்கணும்."

நடுவர் பெரெய்ரா, உருகுவேக்காரர், உயர நாற்காலியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி நடந்து வந்தார். அவர் பாதி தூரம் வந்த பிறகுதான் ரமீரோ குனிந்து பார்த்தான். முட்டை இல்லை. விசிறி மாதிரி ஒரு இழுப்பு மட்டும் இருந்தது.

பெரெய்ரா அந்த விசிறியை இரண்டு பக்கமும் சுற்றிவந்து பார்த்தார். "அழிச்சது நீங்கதானே, சென்யோர் ஸாபாலா?"

"ஆமா... இல்ல... பந்து அவுட்டுங்க. அந்தப் பொண்ணே சொல்லுச்சே!"

"அவங்க சொன்னாங்க. இவர் தடம் பாக்கக் கேட்டார். நான் வந்தேன். தடம் இல்ல. தடத்தை அழிக்கிறவர் பாயின்டை விட்டுக்கொடுத்துட்டார்னு அர்த்தம். இது உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. செம்மண்ணில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். பந்து உள்ளே விழுந்தது என்று நேர்மையாக ஒப்புக்கொள்பவன்தான் தன் காலால் தடத்தை அழிப்பான். அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ரமீரோ அந்த மரியாதையை ஆட்டம் ஜெயிக்கிற பாயின்டில், வெளியே விழுந்த பந்துக்குச் செய்துவிட்டிருந்தான்.

"நான் கோட்டைத்தான் துடைச்சேன். பழக்கதோஷம். எங்க கிளப்புல..."

"உங்க கிளப்புல என்ன வழக்கமோ எனக்குத் தெரியாது."

அரங்கத்தில் ஒரு கிழவர் எழுந்து, "அவன் கையில ஒரு துடைப்பத்தையும் குடுங்கப்பா, முழுசாப் பெருக்கிட்டுப் போகட்டும்!" என்று கத்தினார். முந்நூறு பேரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் ரமீரோவும் சிரித்திருப்பான், நல்ல கிண்டல்தான்.

அவன் வலை வரைக்கும் ஓடினான். "குண்டா! நீ சொல்லு. பந்து வெளியே. நீ பாத்த. சொல்லுடா."

எதிராளி விட்டுக்கொடுத்தால் நடுவருக்கு வேலையில்லை. எல்லோரும் கஸ்தோனைப் பார்த்தார்கள். கஸ்தோன் மட்டையின் நரம்புகளை ஒவ்வொன்றாக விரலால் நேராக்கினான். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

"இங்கேர்ந்து எனக்குத் தெரியலடா," என்றான்.

"டியூஸ்," என்றார் பெரெய்ரா நாற்காலியில் ஏறி. மறுபடியும் இருவரும் சமம்.

அதற்குப் பிறகு ரமீரோ ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. அந்த கேமை விட்டான். ஐந்துக்கு ஐந்து. அடுத்ததையும் விட்டான். கடைசியில் தன் சர்வில் இரண்டு டபுள் ஃபால்ட் போட்டான். ஒன்று வலையில் விழுந்தது, இன்னொன்று வேலியில். ஏழுக்கு ஐந்து.

வலையருகே கை குலுக்கும்போது கஸ்தோன் அவனைக் கட்டிக்கொண்டான். ரமீரோவின் கைகள் இரண்டு பக்கமும் தொங்கின, காயப்போட்ட சட்டை மாதிரி.

*

தோற்றவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்பது வழக்கம். ஆனால் கார் இவனுடையது. ஜெயித்தவனுக்கு மறுநாள் இறுதி ஆட்டம். இவன் போய்விட்டால் அவன் எண்ணூறு கிலோமீட்டர் பஸ்ஸில் வர வேண்டும். வரட்டுமே என்று நினைத்தபடி ரமீரோ சாவியைக் கையில் எடுத்தான். எடுத்த கையோடு கட்டிலில் உட்கார்ந்தவன், சாயங்காலம் ஆறு மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். கோபத்தைக்கூட ஒழுங்காகச் செய்து முடிக்கத் தெரியாத ஆள்.

நொயேலியா போனில் கூப்பிட்டாள். "கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னா?"

"குண்டன். போன் பண்ணி அழுதான்."

"அழுதானா?"

"பாவம், ரொம்ப நேரம். நான்தான் சமாதானப்படுத்தினேன்."

"அவனையா? தோத்தது நான்டீ!"

"நீ அழலையே," என்றாள் அவள். பிறகு மெதுவாக, "அண்ணன்கிட்ட திங்கக்கிழமை வரேன்னு சொல்லட்டா?"

"சொல்லு," என்றான். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவனுக்குப் பதினான்கு வருடம் பிடித்திருந்தது.

போனை வைத்தபோது கஸ்தோன் குளியலறையிலிருந்து வந்தான். வெந்நீர் வைத்தான். ஒரே குடுவையில் மாறி மாறி உறிஞ்சும் மாத்தே என்ற கசப்புத் தேநீருக்காகக் குடுவையில் இலையைப் போட்டு, ஓரமாக நீரை ஊற்றி, முதல் குடுவையைத் தான் குடித்து, இரண்டாவதை ரமீரோவிடம் நீட்டினான். ரமீரோ உறிஞ்சி முடித்தான். குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நன்றி," என்றான்.

நன்றி சொன்னவனுக்கு மறுபடி மாத்தே நீட்டக் கூடாது. போதும் என்று பொருள். இருபத்து மூன்று வருடங்களில் நான்காவது குடுவைக்கு முன் ரமீரோ அதைச் சொன்னதில்லை.

"ஒண்ணு குடிச்சதுமே நன்றியா?"

"எனக்கு ஒரு சந்தேகம், குண்டா. நீ விரலைத் தூக்கினது என் கால் போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"தடம் பாக்கச் சொல்றது என் உரிமை."

"உரிமைதான். முன்னாடியா, பின்னாடியா?"

கஸ்தோன் குடுவைக்குள்ளே பார்த்தான். "அஞ்சுக்கு அஞ்சுக்கு அப்புறம் ரெண்டு டபுள் ஃபால்ட் போட்டியே. அதையும் நானா போட்டேன்?"

அது உண்மை. இந்த இடத்தில்தான் ரமீரோவுக்குக் கோபம் தலைக்கேறியது. பொய்யாக ஏதாவது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். ஷூவை எடுத்து எறிந்தான். அது கஸ்தோன் மேல் படாமல் சுவரில் பட்டு, செம்மண்ணை உதிர்த்துவிட்டு விழுந்தது.

"இதுவும் அவுட்," என்றான் கஸ்தோன் சின்னக் குரலில். சொன்ன உடனே, சொல்லியிருக்கக் கூடாது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. இரண்டு கட்டில்களுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்கள்.

*

மறுநாள் காலை கஸ்தோன் கதவருகே பையை மாட்டிக்கொண்டு நின்றான். போகவில்லை.

"என்ன?" என்றான் ரமீரோ போர்வைக்குள்ளிருந்து.

"சூடாக்கிக்க ஆள் இல்ல."

"பெரெய்ராவைக் கூப்பிடு. நேத்து உனக்காக நாற்காலியிலேர்ந்து இறங்கி வந்தாரே."

"ஒல்லி."

ரமீரோ எழுந்தான். ஏன் எழுந்தான் என்று பின்னால் பல தடவை யோசித்தும் அவனுக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆட்டத்துக்குப் போகிற ஒருவனைக் குளிர்ந்த உடம்போடு அனுப்பக் கூடாது என்று அவனுக்குள் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கோட்டைத் துடைக்கச் சொல்லிக்கொடுத்த அதே ஆட்கள்தான்.

நான்காம் நம்பர் கோர்ட். பக்கத்தில் நதி, காற்றில் மீன் வாடை. அரை மணி நேரம் நல்ல பந்தாகப் போட்டான். பேக்ஹேண்டுக்குப் போட்டான். வலைக்கு வந்தவனுக்கு உயரமாகத் தூக்கிப் போட்டான். தண்ணீர் குடிக்க நின்றபோது கஸ்தோன் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"பின்னாடிதான். உன் காலைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் தூக்கினேன்."

ரமீரோ பாட்டிலை மூடினான்.

"பந்து வெளியேதான். நாலு விரல்."

"நேத்து சொல்லியிருக்கலாம்."

"நேத்து சொல்லியிருந்தா பாரிசுக்கு நீ போயிருப்ப." கஸ்தோன் இப்போது அவனை நேராகப் பார்த்தான். "எனக்கும் முப்பத்திரண்டு முடியுது ஒல்லி. எனக்கு அக்டோபர்கூட வந்ததில்ல."

ரமீரோ ராத்திரி முழுக்க விழித்திருந்து ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தான். நல்ல பேச்சு. அதில் ஞானஸ்நானம் வந்தது, துரோகம் வந்தது, இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே என்பதும் வந்தது. அதை ஆரம்பிக்க வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து வேண்டாத கேள்வி ஒன்று உள்ளே எழுந்தது. குண்டனுடைய கால் அழித்திருந்தால், நீ விரலைத் தூக்கியிருக்க மாட்டாயா? தூக்கியிருக்க மாட்டேன் என்று சொல்லப் பார்த்தான். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போதுகூட அது கோணலாக வந்தது.

"பாரிஸ்ல உள்ளே போக ரெண்டு அட்டை குடுப்பாங்க," என்றான் கஸ்தோன். "ஒண்ணு ஆடறவனுக்கு. இன்னொண்ணு பயிற்சியாளருக்கு. எனக்கு எவன் இருக்கான் பயிற்சியாளர்? நீ வா."

செருப்பால் அடித்தது போல் இருந்தது. எதிரே நிற்கிறவன் அதை அன்போடுதான் சொன்னான். அதனால் வலி இரண்டு மடங்கு. உன் அட்டையை நீயே கழுத்தில் மாட்டிக்கொண்டு திரி என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் போனான்.

"அட்டையில பேரு போடுவாங்களா?" என்று கேட்டான்.

"போடுவாங்க. போட்டோவும் போடுவாங்க."

"என் பேரா?"

"உன் பேருதான்டா. ரமீரோ ஸாபாலா. கீழே பாரிஸ்னு இருக்கும்."

பெயருக்கும் ஊருக்கும் நடுவில் இன்னொரு சொல்லும் இருக்கும். கஸ்தோன் அதைச் சொல்லவில்லை, ரமீரோவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை இரும்புக்கடை முக்காலி நினைவுக்கு வந்தது. பதினான்கு வருடங்கள் ஓடியது இந்த அட்டைக்கா? இதைக்கூட வேண்டாம் என்று சொல்லத் தெரியாத தன்னை அவன் கொஞ்ச நேரம் வெறுத்துப் பார்த்தான். மனதார வெறுக்கவும் முடியவில்லை. அந்த ஆளோடு முப்பத்து மூன்று வருடப் பழக்கம்.

"நொயேலியாகிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன். போன் பண்ணி அழறேன்."

ரமீரோ கோட்டுக்குப் பின்னால் போய் நின்றான். "சர்வ் போடு," என்றான்.

கஸ்தோன் போட்டான். பந்து வலையில் விழுந்தது.

"பந்தை இன்னும் மேல எறி. முன்னாடி எறி. பத்து வருஷமா இதே தப்புதான் பண்ற. இன்னைக்கு எதிர்ல வர்ற பொடியனுக்கு இடுப்பு உயரத்துல போட்டா அடிச்சு நொறுக்கிடுவான். தோளுக்கு மேல எழும்பணும்."

"எத்தனை தடவை போடட்டும்?"

"சரியா விழற வரைக்கும்," என்றான் ரமீரோ. பயிற்சியாளரின் அந்தக் குரல் அவன் வாயில் அவ்வளவு சுலபமாக உட்கார்ந்திருந்தது. அவனுக்கே அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.